ஆழியாறுல ஒரு போர்டு வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன வாரம் வால்பாறை போற வழியில ஆழியாறு அணையில இறங்கினோம், 1964ல ஸ்ரீதர் எடுத்த காதலிக்க நேரமில்லை படத்துல 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டு எடுத்த கெஸ்ட் ஹவுஸ் அங்கதான இருக்கு, எங்கம்மாவுக்கு அதைப் பார்க்கணும்னு ரொம்ப வருஷ ஆசை.

பின்னாடி மலை, முன்னாடி தண்ணி, அம்மா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு பாலையா வீட்டு முன்னாடி ரவிச்சந்திரன் கூட்டம் சேர்த்து கோஷம் போடுறதை அப்படியே சொல்லிக் காட்டினாங்க, கண்ணு கலங்கிடுச்சு. பக்கத்துல மீன் வறுவல் சாப்பிட்டுட்டிருந்த காலேஜ் பசங்களுக்கு இது எந்த இடம்னே தெரியல, அம்மா சொன்னதும் உடனே போன்ல பாட்டைப் போட்டுப் பார்த்தாங்க.

அங்க ஒரு சின்ன போர்டுகூட என் கண்ணுல படல சார். படத்தோட பேரும் வருஷமும் போட்டு ஒண்ணு வைக்கச் சொல்லி உங்க பேப்பர்ல எழுதுங்க, ப்ளீஸ்.

இப்படிக்கு,
உடுமலை வாசகி