இரவில் படிக்கிற மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அறையில் கூட இருக்கிற பெண் சீக்கிரம் தூங்கிவிடுகிறாள், விளக்குப் போட முடியவில்லை, அதனால் போர்வைக்குள் போனில் படிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். மின்புத்தகம் படிப்பதற்கென்றே இருக்கிற கருவியான இ-ரீடர் வாங்கலாம் என்றால் இப்போது அதிலும் விளக்கு இருக்கிறதே, போனும் அதுவும் ஒன்றுதானே என்றும் கேட்டிருந்தாய். ஒன்றில்லை அம்மா. தயங்காமல் வாங்கு. இரவுப் படிப்பை நீ விட்டுவிடக் கூடாது என்பது என் ஆசை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போனில் திரையே ஒளிவிடுகிறது. இ-ரீடரின் திரை தானாக ஒளிராது. அதற்குள் மிக நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்சாரம் தட்டிவிட்டால் வேண்டிய நிறம் மேலே வரும், வந்தது அப்படியே நிற்கும். பக்கம் புரட்டும்போது மட்டும்தான் திரைக்குச் செலவு. ஆனால் காகிதத்தைப் போல வெளியிலிருந்து வெளிச்சம் விழுந்தால்தான் எழுத்துத் தெரியும். 2007இல் வந்த அமேசானின் முதல் இ-ரீடரான கிண்டிலில் விளக்கே கிடையாது; இருட்டில் படிக்க மேலே மாட்டுகிற குட்டி விளக்கு தனியாக வேண்டும். அடுத்த வருடம் சோனி ஒரு மாடலில் திரை ஓரமாக விளக்கு வைத்துப் பார்த்தது, வெளிச்சம் சீராகப் பரவவில்லை. 2012இல்தான் கைகூடியது. நூக், கோபோ, கிண்டில் என்ற மூன்று இ-ரீடர்களும் அந்த ஒரே வருடத்தில் விளக்கோடு வந்தன.

விளக்கு எங்கே இருக்கிறது தெரியுமா? திரையின் விளிம்பில், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பக்கத்தின் மேல் கண்ணாடி போலத் தெளிவான மெல்லிய படலம் ஒன்று. வெளிச்சம் அதற்குள் பக்கவாட்டில் ஓடும். படலத்தில் இருக்கும் நுண்ணிய செதுக்கல்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே, எழுத்தின் மேல் இறக்கிவிடும். கைக்கு வந்ததும் அறையை இருட்டாக்கிவிட்டு விளக்கு இருக்கிற ஓரத்தை உற்றுப் பார். பல்புக்கு நேரே வெளிச்சம் ஒரு பொட்டு கூடியும், இடையில் லேசாக நிழல் தட்டியும் இருக்கலாம். பழைய மாடல்களில் நன்றாகவே தெரியும். அதைப் பார்த்துப் பழுது என்று நினைத்துவிடாதே. இரண்டு பக்கம் படித்தால் கண் அதை மறந்துவிடும்.

பட்டுத் திரும்புகிற வெளிச்சம், அதனாலேயே கண்ணுக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கிருந்து வந்த வெளிச்சம் என்று கண் பார்ப்பதில்லை. எவ்வளவு, என்ன நிறம் என்பதுதான் கணக்கு. இ-ரீடரின் நன்மை வேறு. போன் நல்ல வெயிலிலும் தெரிய வேண்டும் என்று செய்யப்பட்டது. இ-ரீடருக்கு வெயிலில் விளக்கே வேண்டாம். அதன் விளக்கு இருட்டுக்கும் அரை இருட்டுக்கும் என்றே அளவாக வைத்தது. முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு படுத்தால் அதுவும் கண்ணைக் கூசத்தான் செய்யும்.

இ-ரீடர் தூக்கத்தைக் கெடுக்கும் என்று நீ படித்ததும் எனக்குத் தெரியும். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் செய்து 2014 கடைசியில் வெளியான ஆய்வு அது. அதில் கொடுத்தது ஐபேட், போனைப் போலத் திரையே ஒளிவிடுவது. ஒளியை முழுக்க ஏற்றி, படுக்கும் முன் 4 மணி நேரம், தொடர்ந்து 5 இரவுகள், 12 பேரைப் படிக்க வைத்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிட ஏறக்குறைய 10 நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள், தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோனும் குறைந்தது. ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் அதை வைத்து, விளக்கைத் தாழ்த்தி அரை மணி நேரம் கதை படிப்பவளைப் பயமுறுத்துவது நியாயமில்லை.

ஆனால் நிறத்தைக் கவனிக்க வேண்டும். பகல் இரவு என்று உடம்புக்குச் சொல்கிற செல்கள் கண்ணில் இருக்கின்றன, அவை நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகம் விழித்துக்கொள்ளும். அதனால் வெளிச்சத்தை மஞ்சளாக மாற்றுகிற வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கு. கோபோவில் 2016இலேயே வந்தது, கிண்டில் பேப்பர்வொயிட்டில் 2021இல். பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று இதை விட்டுவிடாதே.

அப்புறம், விளக்கை எப்படி வைப்பது. முதலில் அடிமட்டத்துக்கு இறக்கு. எழுத்து சிரமமில்லாமல் தெரிகிற வரை ஒவ்வொரு படியாக ஏற்று, அங்கே நிறுத்து. கொஞ்ச நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும், அப்போது இன்னும் ஒரு படி இறக்கலாம். நான் வைக்கிற அளவைப் பார்த்து வைக்காதே. வயதாக ஆகக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் குறைந்துவிடும், எனக்குக் கூடுதலாக வேண்டியிருக்கிறது. எழுத்தின் அளவைக் கூட்டுவதில் கூச்சப்படாதே. எழுத்து பெரிதானால் விளக்கு இன்னும் குறையும்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்று ஒரு வசதி இருக்கும், இருட்டுக்கு அதுதான் நல்லது என்பார்கள். உனக்குச் சிலிண்டர் பவர் இருக்கிறது, அதாவது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லை. பின்னணி கறுப்பானால் கண்பாவை விரியும், வெள்ளை எழுத்து ஓரங்களில் கசிந்த மாதிரி தெரியலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு இரவு முயன்று பார், பிடிக்காவிட்டால் விட்டுவிடு.

மங்கலான வெளிச்சத்தில் படித்தால் கண் போய்விடும் என்று பாட்டி உன்னை மிரட்டுவாள், ஞாபகம் இருக்கிறதா? கண் சோர்ந்து போகும், வறண்டு போகும், தலை வலிக்கலாம். உன் வயதில் அதனால் பார்வை கெட்டுவிடாது. சோர்வு தட்டினால் மூடி வைத்துவிட்டுத் தூங்கு.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள், அந்தப் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் அடிக்காது. போனை எட்டாத இடத்தில் வை. முதலில் என்ன புத்தகம் ஏற்றினாய் என்று எழுது, நானும் அதையே படிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா