நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை: தொடர்கல்விப் பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டடக்கலைப் பணி செய்துவரும் நண்பர்களே, வணக்கம்.

தொடர்கல்வி நிகழ்ச்சிகளை ஹோட்டல் அரங்கிலிருந்து வேலை நடக்கும் இடத்துக்கு மாற்றுவது, கொத்தனார்களையும் உடன் அழைப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். அந்த முடிவுக்குக் காரணமான சுவர் என்னுடையது. அன்று நேரமில்லாமல் பாதிதான் சொன்னேன். இப்போது முழுவதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஒரு வீட்டுக்கு எலிப்பொறிக் கட்டு முறையில் சுவர் வரைந்து கொடுத்திருந்தேன். செங்கல்லைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, ஒன்பது அங்குலச் சுவருக்குள் பொந்து விட்டுக்கொண்டே போகும் முறை அது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை. கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும், உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடாமல் தாமதப்படுத்தும். மூன்று நாள் கழித்து சைட்டுக்குப் போனேன். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. பொந்து ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் கலவையைக் கொட்டி, கரண்டி முனையால் குத்தி நிரப்பியிருந்தார் கொத்தனார். "உள்ள கூடா விட்டா சுவர் நிக்காதுங்க சார். நானே பார்த்துச் சரி பண்ணிட்டேன்" என்றார்.

முப்பது வருடம் கெட்டிச் சுவர் கட்டிப் பழகிய கை அது. அக்கறையால்தான் அடைத்திருக்கிறார். சாதாரணச் சுவரைவிட அதிகக் கலவை குடித்திருந்தது அந்தச் சுவர். நான் திருவனந்தபுரம் போய் பேக்கரின் கட்டடங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டவன். அவருக்கு அதைக் காட்டியவர் யாருமில்லை. வரைபடத்தைக் கையில் கொடுத்தேனே தவிர, பொந்து எதற்கு என்று இரண்டு நிமிடம் நின்று நான் சொல்லவில்லை. நாம் பெறும் பயிற்சி நம்மோடு நின்றுவிட்டால் கட்டடத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

இந்த ஆண்டு ஐந்து நிகழ்ச்சிகள் நடத்தினோம். அவற்றில் மண் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அழகர்கோவில் சாலையில் நம் உறுப்பினர் ஒருவரின் தோப்பில் இரண்டு நாள் நடந்தது. அவரவர் சைட்டிலிருந்து ஒரு பை மண் கொண்டுவரச் சொல்லியிருந்தோம், மேல்மண்ணை விலக்கிவிட்டு அடியிலிருந்து. கண்ணாடிப் பாட்டிலில் மண்ணைப் போட்டு, தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் குலுக்கி, தென்னை நிழலில் வரிசையாக வைத்தோம். மணல் உடனே அடியில் உட்கார்ந்தது. அதன் மேல் வண்டல் மெல்லப் படிந்தது. களி மட்டும் சாயங்காலம் வரை தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருந்தது. சிமெண்ட் சேர்த்து அழுத்தும் மண் கல்லுக்கு ஆரோவில் மண் கட்டடக்கலை நிறுவனம் சொல்லும் நல்ல விகிதம், சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். பாட்டிலில் படிந்த அடுக்குகளை ஸ்கேல் வைத்து அளந்து ஒப்பிட்டோம்.

மேலூரிலிருந்து வந்திருந்த மூத்த கொத்தனார் ஒருவர் பாட்டிலைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பையிலும் ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் எச்சில் ஈரத்தோடு தேய்த்து, "இதுல மணல் பத்தாது", "இது கல்லுக்கு ஆகும்" என்று தனித்தனியாக ஒதுக்கி வைத்தார். சாயங்காலம் அளவு எடுத்தபோது அவர் ஒதுக்கியதற்கும் பாட்டில் காட்டியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த கரிசலை அவர் தொட்டவுடனேயே தள்ளிவிட்டார். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் பிளந்துபோகும் மண்ணைச் சிமெண்டால் கட்டிப்போட முடியாது என்பதைப் பயிற்சியாளரும் உறுதிப்படுத்தினார்.

இரண்டாம் நாள் கைப்பிரஸ்ஸில் நாமே கல் அழுத்தினோம். சிமெண்ட் ஐந்து சதவீதம்தான். சூளை கிடையாது, விறகு கிடையாது. ஆனால் நான்கு வாரம் ஈரம் காயாமல் மூடி வைத்துக் காக்க வேண்டும். மண் கல் மலிவு என்று நம்மில் பலர் கட்டுபவரிடம் சொல்லிவிடுகிறோம். சைட்டிலேயோ பக்கத்திலேயோ மண் கிடைத்தால் மட்டும்தான் அது உண்மை. லாரியில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி மண் கொண்டுவந்தால் பணமும் மிஞ்சாது, சுற்றுச்சூழலுக்கும் லாபமில்லை. இந்தக் கல்லுக்கு ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தரநிர்ணயம் இருக்கிறது, 2013இல் திருத்தப்பட்டது. "மண் வீடா?" என்று கட்டுபவர் தயங்கும்போது அதை எடுத்துக் காட்டுங்கள்.

சிமெண்ட் பற்றிய அமர்வு அரங்கில்தான் நடந்தது. அரைத்துச் சிமெண்டாக்கும் கட்டிதான் கிளிங்கர். அதைத் தயாரிக்க உலையை 1450 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். எரிபொருளின் புகை ஒருபுறம் இருக்க, சுண்ணாம்புக்கல்லே சிதைந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. ஆகவே கிளிங்கரைக் குறைப்பதே வழி. எல்.சி. 3 என்ற புதுச் சிமெண்டில் கிளிங்கர் பாதியளவுதான். மீதி, 700 முதல் 850 டிகிரியில் சுட்ட களிமண், சுடாத சுண்ணாம்புக்கல், சிறிது ஜிப்சம். ஸ்விட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தோடு டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.கள் சேர்ந்து செய்த ஆய்வு இதற்கு அடிப்படை. 2023இல் இதற்கான தரநிர்ணயம் ஐ.எஸ். 18189 வந்துவிட்டதால் இனி இதைக் கட்டுமானக் குறிப்பேட்டில் எழுதத் தடையில்லை.

அந்த அமர்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்டை நாம் எல்லோரும் இப்போதே பயன்படுத்துகிறோம். அது மெதுவாக இறுகும் சிமெண்ட். கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், நம் ஊர் போன்ற வெயிலுக்கு 14 நாள் நீர் காட்டி ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது கான்கிரீட்டுக்கான தரநிர்ணயம் ஐ.எஸ். 456. நம் சைட்டுகளில் ஏழாம் நாளே சாக்கை உருவிவிடுகிறார்கள். கேள்வி நேரத்தில் கொத்தனார் ஒருவர், "மூட்டை மாறினது எங்களுக்குத் தெரியும், நாள் மாறினதை யாரும் சொல்லலையே" என்றார். அரங்கில் யாரும் பேசவில்லை. வரைபடத்தின் மூலையில் நீர் காட்டும் நாள்களைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தோம். பன்னிரண்டு உறுப்பினர்கள் அப்படியே செய்துவருகிறார்கள். மற்றவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

காரைக்குடிப் பயணத்தில் ஆத்தங்குடி ஓடு செய்யும் பட்டறையையும், பழைய வீடொன்றில் நடந்த சுண்ணாம்புக் காரைப் பூச்சு வேலையையும் பார்த்தோம். ஓட்டுக்குக் கண்ணாடித் துண்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் வைத்து அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். அடுப்பே கிடையாது. பளபளப்பைத் தருவது அந்தக் கண்ணாடிதான். சுண்ணாம்பைப் பொறுத்தவரை, 1636இல் எழும்பிய திருமலை நாயக்கர் மகாலின் சுதையை நித்தம் பார்த்துக்கொண்டு இருக்கும் நாம், கிளிஞ்சல் சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, கடுக்காய் நீர் எப்போது சேர்ப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னொரு ஊருக்குப் போக வேண்டியிருந்தது எனக்கு வருத்தமே. நம் ஊரிலேயே அந்த வேலை தெரிந்த கைகள் உண்டு. தேடி எடுப்பது அடுத்த ஆண்டின் வேலை.

வீடுகளில் ஆற்றலைச் சிக்கனப்படுத்த மத்திய அரசு வகுத்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018 என்ற விதித்தொகுப்பு பற்றிய கணக்குப் பயிற்சி ஒரு மாலையில் முடிந்தது. சன்னல் உட்பட வெளிச்சுவர் வழியாக வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது, வெப்ப ஈரப்பத மண்டலத்தில் திறக்கும் சன்னல் பரப்பு தளப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்ற இரண்டையும் அவரவர் வரைபடத்திலேயே போட்டுப் பார்த்தோம்.

ஐந்தாவது நிகழ்ச்சி நமக்கு நல்லதாக அமையவில்லை. ஒரு கம்பெனி செலவை ஏற்றது. இரண்டு மணி நேரமும் விற்பனைப் பேச்சாகவே போனது. பொருளில் என்ன சேர்த்திருக்கிறார்கள், வீட்டை இடிக்கும் காலத்தில் அதை என்ன செய்வது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்பதற்காக இதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இனி பொருள் விற்பவரின் செலவில் தொடர்கல்வி நிகழ்ச்சி நடத்துவதில்லை என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். முதல் நிகழ்ச்சிக்கு வந்த கொத்தனார்கள் மூன்று பேர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? மண் பயிற்சிக்கு அன்றைய கூலியைச் சங்கமே கொடுத்தது, பதினான்கு பேர் வந்தார்கள், பாதிப்பேர் சித்தாளையும் அழைத்துவந்தார்கள். வரும் ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு வரும் கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் நாள் கூலியைச் சங்க நிதியிலிருந்து வழங்க அனுமதி வேண்டுகிறேன். இதற்காக ஆண்டு விழா விருந்தைச் சுருக்கினாலும் சரியே.

ஒப்புதல் கிடைத்தால் முதல் பயிற்சி எலிப்பொறிக் கட்டு. என் சைட்டிலேயே ஒரு சுற்றுச்சுவர் பாக்கி இருக்கிறது. என் கொத்தனாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கல் அளவு ஒன்றுபோல் இருந்தால்தான் இந்தக் கட்டு சரிவரும் என்பதால் சாம்பல் கல் இறக்கி வைக்கிறோம். காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். உறுப்பினர்கள் அவரவர் கொத்தனாரோடு வரவும். கரண்டியும் தூக்குக் குண்டும் நீங்களும் ஆளுக்கொன்று கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்