புறாவும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் ‘தனுஷ்கோடியில் கடற்புறாக்கள் கொண்டாட்டம்’ என்று அரைப் பக்கத்துக்கு ஒரு வண்ணப்படம் போட்டிருந்தீர்கள். படம் அருமை. தலைப்பில்தான் இரண்டு பிழைகள்.

அவை புறாக்களே அல்ல. படத்தில் இருப்பவை ஆலாக்கள். ஓரத்தில் நாலைந்து கடற்காகங்கள். 2017-இல் அரிச்சல்முனைச் சாலை திறப்பதற்கு முன்பு, மணலில் வேன் ஓட்டிய காலத்திலிருந்தே தனுஷ்கோடிக்குச் சவாரி போகிறவன் நான். பயணிகள் படம் எடுத்து முடிக்கும்வரை வானத்தைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை.

கடற்காகம் சாவகாசமான பறவை. அகன்ற சிறகை விரித்துக் காற்றில் சாய்ந்துகொண்டு, கரைவலைக்காரர்கள் உதறிப்போடும் பொடிமீனுக்காக வட்டமிடும். அலுத்துப்போனால் தண்ணீரிலேயே மிதந்துகொள்ளும். ஆலா அப்படியல்ல. ஒல்லிச் சிறகு, கவைபோல் பிளந்த வால். அலகைக் கீழே தொங்கவிட்டு, சிறகடித்தபடி அந்தரத்தில் நிற்கும். பிறகு கல் விழுவதுபோல் தலைகுப்புற ஒரே பாய்ச்சல். வெளியே வரும்போது அலகில் மீன் துள்ளும். பல தடவை வெறும் அலகோடும் வரும். மீன் கிடைத்தாலும் நிம்மதி இல்லை, கடற்காகம் துரத்திக்கொண்டு வந்து பிடுங்கப் பார்க்கும். காகம் என்று பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை.

(இங்கே வரும் பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குக் குளிர்காலத்தில் தலை வெள்ளையாக இருக்கும், கண்ணுக்குப் பின்னால் ஒரு மைப்பொட்டு மட்டும். கோடை நெருங்கி முகத்தில் பழுப்பு ஏறினால், லடாக், திபெத் பக்கத்து ஏரிகளுக்குக் கிளம்பப்போகிறது என்று பொருள்.)

இரண்டாவது பிழையான ‘கொண்டாட்டம்’தான் பெரியது. ஆலா தண்ணீரில் உட்காருவது அபூர்வம். இளைப்பாற அதற்கு மணல்திட்டு வேண்டும். வாடை வீசும் நாட்களில் மொத்தக் கூட்டமும் காற்றுக்கு முகம் கொடுத்து ஒரே திசையில் உட்கார்ந்திருக்கும். இறகு கலையாது, எழும்பவும் சுலபம். உங்கள் படத்திலோ அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பியிருக்கின்றன. இடது மூலையைப் பாருங்கள்: மணலைத் தெறிக்கவிட்டு ஓடும் ஒரு சின்னக் கால். யாரோ படத்துக்காகப் பிள்ளையை ஓடவிட்டிருக்கிறார்கள். போன வாரம் என் கண்ணெதிரே ஒரே கூட்டத்தை அரை மணி நேரத்தில் நான்கு தடவை கிளப்பினார்கள். மூன்று தடவை சுற்றிவந்து அதே திட்டில் இறங்கின. நான்காவது தடவை இறங்கவில்லை. பெண்கடல் என்று நாங்கள் சொல்லும் பாக் நீரிணைப் பக்கமாகப் போய்விட்டன.

அடுத்த ஞாயிறு ‘ஆலாக்கள்’ என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். மூலையில் ஓடும் அந்தச் சின்னக் காலைப் பற்றியும் இரண்டு வரி எழுதினால், வெட்டி என் வேனில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வேன் ஓட்டுநர்,
இராமேசுவரம்