எல்லா முகங்களிலும் ஒரே புன்னகை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய எண்ணெய் ஓவியம் சேதமின்றி வந்து சேர்ந்தது. பொதியின் மேல் எழுதியிருந்த முகவரி எங்களுக்குப் புதிது. அப்பா அதை இருமுறை படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் மேசைமேல் வைத்தார்.

நியூ மெக்சிகோவின் பழங்குடி ஊரான அக்கோமாவின் சான் எஸ்தேவான் தேவாலயத்தை, உள்ளே படமெடுக்க அனுமதியே இல்லாத அந்த இடத்தை, சிறுமியாக இருமுறை பார்த்த நினைவிலிருந்தே நீ இவ்வளவு துல்லியமாகத் தீட்டியிருப்பதைப் பெருமையோடு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்த கதவின் வழியே தெரியும் கூரை உத்தரங்கள், மண் பூசிய சுவரில் சாயும் செப்டம்பர் வெயில், புனிதரின் சிலையைச் சுமந்து வரும் ஊரார், பாதிரியார், திருநாளுக்கு வந்த ஸ்பானிய வழியினர், தொப்பியைக் கையில் பிடித்த வெள்ளைக்காரப் பயணிகள் என எதுவும் பிசகவில்லை. ஊராரைக் கேட்காமல் இதைக் கண்காட்சியில் வைத்துவிடாதே.

ஆனால் எல்லா முகங்களிலும் ஏன் ஒரே புன்னகை? 1599-இல் ஸ்பானிய ஆளுநன் ஒன்யாத்தேயின் படை அந்த ஊரை அழித்தது; 25 வயதைக் கடந்த ஆண்களின் ஒரு பாதத்தை வெட்டும்படி அவன் தீர்ப்பளித்தான். 30 ஆண்டுகள் கழித்து, அந்தத் தலைமுறையும் அவர்கள் பிள்ளைகளும்தான் இந்தத் தேவாலயத்தைக் கட்ட டெய்லர் மலையின் மரங்களை ஏறத்தாழ 30 மைல் சுமந்து, 350 அடிக்கு மேல் உயர்ந்த பாறைமேட்டின் உச்சிக்கு ஏற்றினார்கள். கல்லறைத் தோட்டத்துக்கான மண்ணும் கீழிருந்து கூடைகளில் வந்ததே. 1680-இல் ஸ்பானியரை விரட்டியபோதும் தேவாலயத்தை அவர்கள் இடிக்கவில்லை; அது அவர்கள் உழைப்பு அல்லவா?

வழிகாட்டியாக வந்த பெண்மணி இதையெல்லாம் சொன்னபோது நீ அழுதாய். பத்துப் பேர் பார்க்கிறார்களே என்று உன்னை வெளியே இழுத்து வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக இரு என்று கடிந்தவள் நான். திருமணமான மூன்றாம் மாதம் தொலைபேசியில் உன் குரல் உடைந்தபோதும் அதையேதான் சொன்னேன். அன்று நான் உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அம்மா.

கண்காட்சிக்கு முன் ஊராரைக் கட்டாயம் கேள். ஆல்புகர்கியிலிருந்து காரில் ஒரு மணி நேரப் பயணம்தான். நீ வந்தால் நானும் உடன் வருகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. இக்கடிதத்தைப் புதிய முகவரிக்கே அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா