பேரேட்டைத் திறந்து தந்தவர்களுக்கு: நம் கல்லூரி வலைத்தளத்தின் நன்றி மடல்

பாளையங்கோட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும், அலுவலகத்தாருக்கும், அண்ணாச்சிமாருக்கும், அக்காமாருக்கும், தம்பி தங்கையருக்கும் வணக்கம்.

நம் கல்லூரிச் சமூக வலைத்தளத்தில் இன்று முதலாண்டுப் பிள்ளைகளும் பணி ஓய்வு பெற்ற பழைய மாணவர்களும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுகொள்கிறார்கள். இதற்கான நிரல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உள்ளே வருபவர் நம் கல்லூரிக்காரர்தான் என்று ஒவ்வொரு பெயராக உறுதி செய்தது நீங்கள். யார் என்ன செய்தீர்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றே இம்மடலை எழுதுகிறோம்.

ஃபேஸ்புக்கும் ஒரு கல்லூரித் தளமாகவே தொடங்கியது: 2004 பிப்ரவரி 4 அன்று ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும் திறந்தது. ஹார்வர்டு மின்னஞ்சல் இல்லாதவர் சேர முடியாது. மார்ச் மாதம் கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு, யேல் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமாகச் சேர்த்தார்கள். 2006 செப்டம்பர் 26 அன்றுதான் பதின்மூன்று வயது நிரம்பிய, மின்னஞ்சல் உள்ள எவரும் சேரலாம் என்றானது. தொடக்கத்தில் பல்கலைக்கழக மின்னஞ்சலே அங்கே ஆளை அடையாளம் காட்டியது. நம் கல்லூரியில் மாணவருக்குத் தனி மின்னஞ்சல் கிடையாது. ரெஜிஸ்டர் நம்பரும் பிறந்த தேதியும் போதும் என்று வைத்தால், நம்பர்கள் வரிசையாக வருபவை, பிறந்த நாள் வகுப்புக்கே தெரிந்தது. யார் பெயரிலும் யாரும் நுழைந்துவிடலாம்.

அதனால்தான் கல்லூரி அலுவலகத்தின் நாமினல் ரோல், அதாவது மாணவர் பெயர்ப் பேரேடு, தேவைப்பட்டது. அதைத் திறந்து தந்த கண்காணிப்பாளர் ஐயாவுக்கும் பிரிவு எழுத்தர் அக்காவுக்கும் முதல் நன்றி. பட்டியலை வெளியே கொண்டுபோக விடாமல், அலுவலகக் கணினியிலேயே வைத்துச் சரிபார்க்கச் சொன்னது அக்காதான். இன்றும் அதுவே நடைமுறை. விண்ணப்பம் வந்ததும் பெயரும் நம்பரும் பேரேட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்கப்படும். பிறகு வகுப்புப் பிரதிநிதி ஒருவர், துறை ஆசிரியர் ஒருவர் என்று இருவர் ஒப்ப வேண்டும். அடையாள அட்டையின் படத்தைத் தளம் சேமித்து வைப்பதில்லை. ‘சரிபார்த்தாயிற்று’ என்ற குறிப்பு மட்டும் இருக்கும். கையில் இல்லாததை யாரும் திருட முடியாது.

முதலாண்டில் பலருக்குப் பதினேழு வயதுதான். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. பெற்றோர் ஒப்புதல் வேண்டும். சேர்க்கை நாளில் அந்தப் படிவத்தையும் கோப்பில் வைத்து, நாங்குநேரியிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் பிள்ளையைக் கூட்டிவந்த தாய் தகப்பனிடம் பொறுமையாகப் படித்துக்காட்டிக் கையொப்பம் வாங்கிய ஆசிரியர்களை மறக்க மாட்டோம்.

பழைய மாணவர்களைச் சேர்த்ததுதான் பெரும்பாடு. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் படத்தோடு அச்சடித்த பெயர்ப் புத்தகம் இருந்தது. நமக்கு இருந்தது ஆண்டு மலர். குழுப் படத்தின் கீழே ‘நிற்பவர்கள் இடமிருந்து வலம்’ என்று வரும் அந்த வரிகள்தாம் நமது ஆவணம். நூலகர் மேடம் பழைய மலர்களைத் தூசு தட்டி எடுத்துத் தந்தார். புத்தகக் கட்டு பிரியாமல் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யும் பக்குவத்தையும் சொல்லித் தந்தார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய மலர்களில் ணை, னை, லை, ணா, றா, னா எல்லாம் பழைய உருவில் இருப்பதால் கணினி அவற்றைத் தப்பும் தவறுமாகவே படித்தது. தமிழ்த்துறை முதுகலைப் பிள்ளைகள் கையாலேயே தட்டச்சு செய்து முடித்தார்கள்.

பிற்காலத்தில் கணினியில் அச்சுக்கோத்த மலர்கள், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாகப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டி.டி.பி. கடையில் இருந்தன. எல்லாம், இன்று எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்கள். திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எந்த மலர் எந்த எழுத்துருவில் அடித்தது என்று நினைவிலிருந்தே சொன்னார் கடை அண்ணாச்சி. மாற்றும்போது ஒரு சிக்கல் உண்டு. பிற கல்லூரிகளில் இவ்வேலையைத் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டும். பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பை முதலில் அடித்துப் பிறகுதான் மெய்யை அடிப்பார்கள். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். இடம் மாற்றித்தான் வைக்க வேண்டும். அண்ணாச்சி காசு வாங்க மறுத்துவிட்டார். இந்த நன்றியையாவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெயர்கள் ஏறிய பிறகும் தேடல் சரியாக வரவில்லை. ‘கோமதி’ என்று தேடினால் பாதிப் பேர்தான் வந்தார்கள். காரணம், ‘கோ’ என்பதன் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது தீரும். ‘கௌரி’யில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் அடித்திருந்தால் அதுவும் உதவாது, ஆள் பார்த்துத்தான் திருத்த வேண்டும். அந்தப் பட்டியல் முழுவதையும் பார்த்துத் திருத்திய தமிழ்த்துறைப் பேராசிரியருக்கு நன்றி. நம் பக்கம் இசக்கியம்மாளும் சுடலைமுத்துவும் ஒரே வகுப்பில், ஒரே இனிஷியலோடு இருவர் மூவர் இருப்பார்கள். ஆகவே ஆளைப் பிரித்தறிவது ரெஜிஸ்டர் நம்பர். தேடலில் பெயரோடு துறையும் பேட்ச்சும் தெரியும்.

தளத்தின் பதிவுகளைச் சேமிக்கும் தரவுத்தள மென்பொருளான மையெஸ்க்யூஎல்-இல் எழுத்துக் குறியீட்டை ‘யுடிஎஃப்8’ என்று வைத்தால் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான். தமிழ் அதில் அடங்கும். எமோஜிக்கு நான்கு வேண்டும். வாழ்த்துச் செய்தியின் நடுவே ஒரு சிரிப்புப் படம் வந்தால் அதற்குப் பிந்தியது வெட்டுப்படும், அல்லது பதிவே ஏறாது. ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று மாற்றினால் பழைய பதிப்புகளில் தேடலை விரைவாக்கும் 255 எழுத்து இண்டெக்ஸ் 767 பைட் வரம்பைத் தாண்டிவிடும். 191 எழுத்தாகக் குறைக்க வேண்டும். இதைக் கண்டுசொன்ன கணினித்துறை லேப் அண்ணனுக்கு நன்றி. பல்கலைக்கழகத் தேர்வு முடிவு நாளில் தளம் படுத்ததற்கும் அவரே காரணம் கண்டார்: பக்கங்களை அனுப்பும் சர்வர் மென்பொருளான அப்பாச்சி 256 பேரை ஒரே நேரத்தில் உள்ளே விடும், தரவுத்தளமோ 151 இணைப்புக்கு மேல் ஏற்காது. இரண்டும் யாரும் மாற்றாமல் விட்ட இயல்பு அளவுகள். முதலாவதை இரண்டாவதற்குக் கீழே இறக்கினோம்; அடிக்கடி திறக்கும் பக்கங்களைத் தயாராகச் சேமித்து வைத்தோம். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

உள்நுழையும் ஓ.டி.பி.-க்கும் பணம் வேண்டும். ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து கொள்ளும். தமிழில் 70 தான். ஒன்று கூடினாலும் இரண்டு செய்திக்குக் கட்டணம். ‘உங்கள் நுழைவு எண்’ என்று தொடங்கும் சிறு வாசகத்தை அமைத்துத் தந்ததும் தமிழ்த்துறையே. அந்தச் செலவையும் சர்வர் வாடகையையும் ஏற்று, பெயர் போடக் கூடாது என்று சொன்ன பழைய மாணவர்களே, உங்கள் சொல்படியே பெயரை விட்டுவிட்டோம்.

மகளிர் விடுதித் தங்கைமாருக்கும் வார்டன் அம்மாவுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். 2003 கடைசியில், ஃபேஸ்புக்குக்கு முன்பு, மார்க் ஸக்கர்பெர்க் சக மாணவர்களின் படங்களைக் கேளாமலே எடுத்து ஒப்பிட வைத்த ஃபேஸ்மாஷ் சில நாளிலேயே மூடப்பட்டது. 2006-இல் நண்பர்களின் செயல்களையெல்லாம் ஒரே பக்கத்தில் கொட்டிக் காட்டிய நியூஸ் ஃபீட் வந்தபோது மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதில் இருந்தவை முன்பே தெரிந்தவைதாம். ஒன்றாகத் திரண்டதுதான் அச்சத்தைத் தந்தது. ஊர், பஸ் ரூட், வகுப்பு நேரம் மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் ஒருத்தியைப் பின்தொடர அதுவே போதும் என்று நீங்கள் சொன்னீர்கள். அதன்படி போன் நம்பரும் ஊரும் தொடக்கத்திலேயே மூடியிருக்கும், வேண்டுபவர் திறந்துகொள்ளலாம். எடுத்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும்படி படத்தில் ஒளிந்திருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிப்பை ஏற்றும்போதே நீக்கிவிடுகிறோம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்ட நாளில் குவியும் 4 எம்பி படங்களை 1280 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கும்போது அதையும் சேர்த்தே நீக்குகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் படங்கள் எதுவும் திறக்கவில்லை. பயன்பட்டது எழுத்து மட்டும் கொண்ட மெலிந்த பக்கம். வெளியூரில் இருந்தவர்கள் அதைப் பார்த்து, தாமிரபரணிக் கரை ஊர்களில் தொடர்பற்றுப் போனவர்களின் உறவினருக்குப் போன் போட்டார்கள். அந்த இரவுகளில் விழித்திருந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் கைகூப்பு.

ஆண்டு மலர் கிடைக்காத சில பேட்ச்சுகள் இன்னும் விடுபட்டிருக்கின்றன. குழுப் படம் வைத்திருப்பவர்கள் நூலகர் மேடத்திடம் கொடுத்தால், அன்றே ஸ்கேன் செய்து திருப்பித் தருவார். பின்பக்கத்தில் பெயர் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

நன்றியுடன்,
தளப் பராமரிப்புக் குழுவினர்