கேமர்களின் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் விளையாடுவதற்கென்றே உள்ள கருவிகளான கேம் கன்சோல்களின் புதிய தலைமுறையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படத்தின் தெளிவு, வேகம், கன்ட்ரோலரின் நுட்பம் எல்லாவற்றையும் நன்றாகவே விளக்கியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் எந்தக் கன்சோல் வந்தாலும் கேமர்கள் முதலில் குறை சொல்வார்கள், அப்புறம் மறந்துவிட்டு வரிசையில் நிற்பார்கள் என்று அவர் முடித்திருந்தது மனதை உறுத்தியது. கேமர்கள் குறை சொல்வது பழசைக் கைவிட மனமில்லாத பிடிவாதத்தால் அல்ல. காசு கொடுத்து வாங்கியவர்கள் பட்டறிந்து பேசுகிறார்கள்.

2013-இல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு மே மாதம் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்தியது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணையாவிட்டால் கேம் ஓடாது என்றார்கள். டிஸ்க்கைக் கடையில் திரும்ப விற்கலாமா என்பதை கேமை வெளியிட்ட நிறுவனம் முடிவு செய்யும். நண்பருக்குக் கொடுக்கலாம், ஆனால் ஒரே ஒரு முறை. அவரும் குறைந்தது 30 நாட்களாக நம் நண்பர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். கேமராவும் மைக்கும் கொண்ட கினெக்ட் கருவியைக் கட்டாயம் இணைத்தே வைக்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மைக் எதற்கு என்று மக்கள் கேட்டதில் என்ன தவறு?

எதிர்ப்பு பலித்தது. ஜூன் 19 அன்று இணையச் சோதனையையும் மறுவிற்பனைக் கட்டுப்பாட்டையும் நிறுவனம் கைவிட்டது. கினெக்ட் கட்டாயம் ஆகஸ்டில் போனது. இதில் ஒரு இழப்பும் உண்டு. குடும்பத்தில் பத்துப் பேர் வரை கேம்களைப் பகிர்ந்துகொள்ளும் நல்ல திட்டம் ஒன்றும் சேர்ந்தே ரத்தானது. ஆனாலும், அன்று கேமர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த விதிகள்தான் இன்று எல்லாக் கன்சோல்களுக்கும் வழக்கமாகியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாங்கும்போது இருந்த வசதி வாங்கிய பிறகு காணாமல் போவதும் உண்டு. சோனியின் பிளேஸ்டேஷன் 3 கன்சோல் வெளிவந்தபோது அதில் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்பது ஒரு விற்பனை அம்சம். 2010 ஏப்ரலில் வந்த ஓர் அப்டேட் அதை நீக்கியது. அப்டேட் வேண்டாம் என்றவர்களுக்கு ஆன்லைன் விளையாட்டு கிடையாது. பெட்டி நம்முடையது, அதில் எது இயங்கலாம் என்ற அதிகாரம் மட்டும் இன்னொருவர் கையில்.

2013-இல் முன்வாசலில் தடுத்து நிறுத்தியது இப்போது கொல்லைப்புறமாக உள்ளே வருகிறது. 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 புரோ வந்தபோது அதன் விலை 700 டாலர். அதில் டிஸ்க் டிரைவ் இல்லை. தனியாக வாங்கிப் பொருத்தினாலும் முதல் முறை அதைப் பதிவு செய்ய இணையம் வேண்டும். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கான பல கேம்கள் 'கேம் கீ கார்டு' வடிவில் விற்கப்படுகின்றன. கார்டு இருக்கும், அதற்குள் கேம் இருக்காது. டவுன்லோட் செய்து, அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் கார்டைச் செருகித்தான் விளையாட வேண்டும். இதை இரவல் தரலாம், விற்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் கேமை டவுன்லோட் செய்யத் தரும் நிறுவனத்தின் கணினியை, அதாவது சர்வரை, மூடிய பிறகு அந்தக் கார்டை வாங்குகிறவர் என்ன செய்வார்? பெரிய கேம்களைக் கார்டில் அடக்க முடியாது என்ற பதிலும் முழுமையானதல்ல. சைபர்பங்க் 2077 போன்ற பிரம்மாண்டமான கேம் அதே கன்சோலுக்கு 64 ஜிபி கார்டில் முழுதாகவே வந்தது. கார்டின் விலை இடிக்கிறது என்றால் அதையே நேராகச் சொல்லட்டும்.

சர்வர் மூடப்படும் என்பது வெறும் பயமல்ல. யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்தின் 'தி க்ரூ' 2014-இல் வந்த கார் பந்தய கேம். 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்களை நிறுத்தினார்கள். தனியாக விளையாடக்கூடிய பகுதிகூட அன்றோடு முடிந்தது. டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். அதைத் தொடர்ந்து எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' (கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள்) இயக்கத்தின் மனுவில் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: நிறுவனம் பிற்பாடு பறித்துக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் பொருளை விற்கும்போது, கிடைப்பது பயன்படுத்துவதற்கான உரிமம் மட்டுமே என்று வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

புதுமை எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் வந்த பிறகு கேம் லோட் ஆகக் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, அந்த வித்தியாசம் விளையாடுகிற எல்லோருக்கும் தெரியும். அந்த வேகத்துக்கும் இந்தக் கட்டுப்பாடுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, இது வேண்டுமானால் அதையும் ஏற்றுக்கொள் என்பதைத்தான் எதிர்க்கிறோம்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி கன்சோல் விமர்சனம் வெளியிடும்போது, இணையத் தொடர்பே இல்லாமல் அதில் என்னென்ன விளையாட முடிகிறது, டிஸ்க்கிலோ கார்டிலோ முழு கேம் இருக்கிறதா, அதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா, கணக்கு முடக்கப்பட்டால் வாங்கியவை என்னாகும் என்பவற்றையும் உங்கள் விமர்சகர் சோதித்து எழுதட்டும். நிறுவனம் பதில் சொல்ல மறுத்தால், மறுத்தது என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்