அம்மாவின் சிவப்பு மூடிப் புட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர், சீன மூலிகை மருந்து மொத்தமும் ஏமாற்று வேலை, தமிழர்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே இன்னொருவர், மூலிகை என்றால் பக்கவிளைவே கிடையாது என்று அடித்துச் சொல்லியிருந்தார். இரண்டையும் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. முட்டிவலியால் மார்க்கெட்டுக்குக்கூட நடக்க முடியாமல் இருந்தார். போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு புட்டி மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். விலை 35 மலேசிய வெள்ளி. சிவப்பு மூடி, ஒரு வேரின் படம், சுற்றிலும் சீன எழுத்து. மூன்றே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறினார். அடுத்தடுத்து நாங்களே புட்டிகளை வாங்கிக் கொடுத்தோம்.

தீபாவளிக்கு வந்த சொந்தங்கள், "பெரியம்மா முகம் நல்லா பூரிச்சிருக்கே" என்றார்கள். எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் முகம் உருண்டு வரவர, கையும் காலும் மெலிந்துகொண்டே போயின. வளையல் இடித்த இடமெல்லாம் நீலம் பாரித்தது. கட்டுக்குள் இருந்த இனிப்புநீர் (ரத்தச் சர்க்கரை) கட்டுமீறி ஏறியது. வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் ஒரு வாரம் அந்தக் கடைக்காரர் வரவில்லை. புட்டி தீர்ந்துபோனது. நான்காம் நாள் காலை அம்மாவுக்கு வாந்தி, தலைசுற்றல். எழுந்து நிற்க முடியவில்லை. அவசரப் பிரிவில் டாக்டர், "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அம்மா இல்லை என்றார். சொன்னால் ஏசுவார்களோ என்ற பயம். நான் வீட்டுக்கு ஓடி, பிஸ்கட் டின்னுக்குள் கிடந்த புட்டியை எடுத்து வந்தேன். அடியில் தூளாகக் கிடந்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருந்தது.

அது ஸ்டீராய்டு. வீக்கத்தையும் வலியையும் சட்டென்று அடக்கிவிடும். பல மாதம் தொடர்ந்து உள்ளே போனால், உடம்பு தானே சுரக்க வேண்டிய அதேபோன்ற ஹார்மோனைச் சுரக்காமல் நிறுத்திக்கொள்ளும். அம்மாவின் முகம் உருண்டதும், கைகால் மெலிந்ததும், நீலம் பாரித்ததும், இனிப்புநீர் ஏறியதும் அதனால்தான். அந்த நிலையில் திடீரென்று மாத்திரையை விட்டால் உயிருக்கே ஆபத்து. இன்றுவரை டாக்டர் அம்மாவுக்கு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மெல்ல மீட்டுக்கொண்டிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு முதல் அன்பர், "பார்த்தீர்களா, நான் சொன்னேனே" என்பார். அவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இருதய வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒருநாள் சூப்பில் போட தாங் குவெய் என்ற சீன மூலிகை வேரை வாங்க, ஜெலுத்தோங்கில் எங்களுக்குப் பழக்கமான சின்சே (சீன வைத்தியர்) கடைக்கு அம்மாவும் நானும் போனோம். பெரியவர் மர இழுப்பறையைத் திறந்து, வேர்ச் சீவல்களைக் கைத்தராசில் நிறுத்து, இளஞ்சிவப்புத் தாளில் கொட்டிவிட்டார். மடிக்கப் போகும்போது, யாருக்கு என்று கேட்டார். அப்பாவுக்கு என்றதும், மலாய் மொழியில், "ஊபாட் சாயேர் டாரா அடா மக்கான்?" என்றார். ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்கிறார். ஆமாம் என்று அம்மா சொன்னதுதான் தாமதம், தாளைத் தூக்கி அப்படியே இழுப்பறைக்குள் கவிழ்த்துவிட்டார். வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். தாங் குவெய்யும், டான் ஷென் என்ற இன்னொரு சீன வேரும் வார்ஃபரினுடன் சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம் என்று கிளினிக் டாக்டரும் பிறகு சொன்னார். அந்தப் பெரியவரையும் சிவப்பு மூடிப் புட்டி விற்றவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நம் பினாங்கில் 1883இல் ஏழைகளுக்கு இலவசமாகச் சீன வைத்தியம் பார்க்கத் தொடங்கிய இடம்தான் இன்றைய லாம் வா ஈ மருத்துவமனை. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினினைப் பழைய சீன மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த து யோயோவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் அந்தச் செடியிலிருந்து மருந்தைப் பிரித்து, சோதித்து, நிரூபித்தார். அந்தப் பரிசைக் காட்டிக் கடையில் உள்ள எல்லாப் பொட்டலத்துக்கும் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது.

இரண்டாவது அன்பருக்கு: ரசாயன மருந்து எதுவும் கலக்காத வெறும் மூலிகையும் ஆளைச் சாய்க்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மருந்தில், ஹான் ஃபாங் ஜி என்ற சீன மூலிகை வேர் சேர வேண்டிய இடத்தில் குவாங் ஃபாங் ஜி சேர்ந்துவிட்டது. பெயர்தான் ஒன்றுபோல, செடி வேறு. நூறுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. குவாங் ஃபாங் ஜியில் உள்ள அரிஸ்டலோகிக் அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கும். நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே குடும்பத்துச் செடிகள்தான். சீனர் கஷாயத்திலும் நம் கஷாயத்திலும் சேரும் அதிமதுரத்தை அளவு மீறி நாள்கணக்கில் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். ஆகவே இதில் சீனர் மருந்து, நம் மருந்து என்று பிரித்துப் பேச ஒன்றுமில்லை.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? நம் நாட்டில் பதிவான பாரம்பரிய மருந்தின் உறையில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி, எட்டு எண்கள் வந்து, அதன்பின் டி (T) என்ற எழுத்து வரும் பதிவெண் இருக்கும். ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப்பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். நோய் தீரும் என்பதற்கு அந்த எண் உத்தரவாதம் இல்லை. பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு மட்டும் அடையாளம். அம்மாவின் புட்டியில் அதுகூட இல்லை. தாளில் மடித்துத் தரும் மூலிகைக்கு எண் கிடையாது. அங்கே கொடுப்பவர் யார் என்றுதான் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய மருத்துவச் சட்டம் சின்சேக்களுக்கும் நம் சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது. பதிவு உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. தயவுசெய்து ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்துதான் அம்மா மூன்று முறை பொய் சொன்னார்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஐயா. கலப்படம் கண்டுபிடித்துத் தடை செய்த மருந்துகளின் விவரத்தைச் சுகாதார அமைச்சு வெளியிடுகிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அம்மா போன்றவர்களை அது எட்டுவதில்லை. உங்கள் பத்திரிகையை அவர் தினமும் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி விடாமல் படிக்கிறார். மாதம் ஒரு முறை அரைப்பக்கத்தில் அந்தப் பட்டியலைத் தமிழில் போடுங்கள். படத்தைக் கட்டாயம் வண்ணத்தில் போடுங்கள். அந்த மாத்திரையின் பெயர் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. சிவப்பு மூடி என்றுதான் டாக்டரிடமும் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு